அழிந்த ஃபைல் எங்கே போகிறது? - ஹார்ட் டிஸ்க் மீட்பின் கதை



பி.காம். படிக்கிற ஆளுக்கு ஹார்ட் டிஸ்க்கோடு என்ன வேலை என்று வகுப்புத் தோழர்கள் கேட்பது எனக்கு இங்கேயே கேட்கிறது. வேலை இருக்கிறது மக்களே. உலகின் முதல் ஹார்ட் டிஸ்க் பிறந்ததே நம்ம சப்ஜெக்ட்டுக்காகத்தான். நம்பாதவர்கள் அடுத்த பத்தியைப் படியுங்கள்.

தமிழில் வன்தட்டு, நிலைவட்டு என்றெல்லாம் சொல்கிறார்கள். எல்லோருக்கும் பழகிய வார்த்தை என்பதால் நான் ஹார்ட் டிஸ்க் என்றே எழுதுகிறேன். தமிழ் ஆர்வலர்கள் மன்னிக்கவும்.

கணக்குப்பிள்ளைக்காகப் பிறந்த தட்டு

1956 செப்டம்பரில் ஐ.பி.எம். நிறுவனம் ராமாக் என்ற கணினியை அறிமுகப்படுத்தியது. கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரில் ரெனால்ட் ஜான்சன் என்பவரின் தலைமையில் ஒரு சின்னக் குழு உருவாக்கியது அது. ராமாக் என்பது ஒரு சுருக்கப் பெயர். விரித்தால் 'ரேண்டம் ஆக்சஸ் மெத்தட் ஆஃப் அக்கவுண்டிங் அண்ட் கன்ட்ரோல்' என்று வரும். அக்கவுண்டிங்! பெயரிலேயே நம்ம ஆள் உட்கார்ந்திருக்கிறார் பாருங்கள்.

அதற்கு முன்பு கம்பெனிகள் கணக்கை எப்படி வைத்திருந்தன? துளையிட்ட அட்டைகளில். தொட்டி தொட்டியாக அட்டைகள் அடுக்கியிருக்கும். ஆர்டர் வந்தால் குமாஸ்தா போய் அந்த வாடிக்கையாளரின் அட்டையையும் அந்தச் சரக்கின் அட்டையையும் கையால் தேடி எடுத்து வந்து மெஷினில் கொடுக்க வேண்டும். இதைத் தவிர்த்து, எந்தக் கணக்கை வேண்டுமானாலும் நேராகப் போய்த் தொடலாம் என்பதுதான் 'ரேண்டம் ஆக்சஸ்'. பேரேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டாமல், வேண்டிய பக்கத்தை டக்கென்று திறப்பது மாதிரி.

அந்த முதல் டிஸ்க்கில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. எடை ஒரு டன்னுக்கு மேல். இவ்வளவுக்கும் அதில் அடங்கியது 50 லட்சம் எழுத்துகள்தான். இன்று உங்கள் போனில் எடுக்கும் ஒரு போட்டோவின் அளவு! கணினியோடு சேர்த்து மாத வாடகை 3,200 டாலர்.

இதில் ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சுற்றும் தட்டைப் படிக்கும் ஹெட் தட்டைத் தொடக்கூடாது. தொட்டால் தட்டின் காந்தப் பூச்சு சுரண்டப்பட்டுவிடும். ராமாக்கில் அழுத்தப்பட்ட காற்றைச் செலுத்தி ஹெட்டை மிதக்க வைத்தார்கள். 1973ல் ஐ.பி.எம். கொண்டுவந்த 'வின்செஸ்டர்' வகை டிஸ்க்கில் ஹெட்டையும் தட்டையும் ஒன்றாகச் சேர்த்து மூடிவிட்டார்கள். இன்றும் நம் கணினியில் இருக்கும் ஹார்ட் டிஸ்க்குகள் அதன் வாரிசுகளே. இன்றைய ஹெட் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. நம் தலைமுடியின் தடிமன் பல்லாயிரம் நானோமீட்டர். அப்படியென்றால் ஒரு தூசித் துகள் அதற்கு மலை! அந்த மலையில் மோதினால் வருவதுதான் 'ஹெட் கிராஷ்'.

ஆக, ஹார்ட் டிஸ்க் பழுதாவது ஆச்சரியம் இல்லை. அது இவ்வளவு காலம் ஓடுவதுதான் ஆச்சரியம்.

பாதுகாவலர் இல்லாமல் வீட்டுக்கு வந்தது

பெரிய கணினிகளின் காலத்தில் டிஸ்க் பழுதானால் அது ஒரு துறையின் பிரச்சினை. ஏ.சி. அறை, ஆபரேட்டர்கள், டேப்பில் நகல் எடுக்கும் வழக்கம் என்று ஓர் ஏற்பாடு இருந்தது.

1980ல் சீகேட் நிறுவனம் 5 மெகாபைட் கொள்ளளவில் எஸ்.டி.-506 என்ற சின்ன ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்தது. சின்னக் கணினிக்குள் பொருந்தும் அளவு. 1983ல் ஐ.பி.எம். தன் பி.சி. எக்ஸ்.டி. கணினியில் 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்க்கை வைத்தே விற்றது. டிஸ்க் ஆபீஸ் மேஜைக்கும் வீட்டுக்கும் வந்தது. ஆனால் அதன் கூடவே இருந்த ஆபரேட்டரும் டேப்பும் வரவில்லை. ஒரு ஆள், ஒரு மெஷின், ஒரே ஒரு டிஸ்க். நகல் எடு என்று நினைவுபடுத்த யாரும் கிடையாது.

டேட்டா மீட்பு என்ற தொழிலே இந்த இடைவெளியில்தான் பிறந்தது.

பீட்டர் நார்ட்டனும் காணாமல் போன முதல் எழுத்தும்

நார்ட்டன் என்றால் நமக்கு ஆன்டிவைரஸ்தான் ஞாபகம் வரும். உண்மையில் அது ஒரு மனிதரின் பெயர். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பிறந்த பீட்டர் நார்ட்டன், கணிதம் படித்தவர். சில வருடங்கள் புத்த மடத்தில் துறவியாகக்கூட இருந்திருக்கிறார்! விண்வெளி, விமானத் துறைகளில் புரோகிராமராக இருந்து, ஆட்குறைப்பில் வேலை போனவர். கையில் ஒரு ஐ.பி.எம். பி.சி. இருந்தது. ஒரு நாள் தவறுதலாக ஒரு ஃபைலை அழித்துவிட்டார். மறுபடி டைப் செய்வதற்குப் பதிலாக, அழிந்ததைத் திரும்பக் கொண்டுவர ஒரு புரோகிராம் எழுதினார். அதுதான் 'அன்இரேஸ்'. 1982ல் நார்ட்டன் யுட்டிலிட்டீஸ் என்ற தொகுப்பில் விற்பனைக்கு வந்தது.

இது எப்படி சாத்தியம்? இங்கேதான் சுவாரசியம். பேரேட்டின் முன்பக்கத்தில் ஓர் அட்டவணை இருக்கும் அல்லவா? முருகன் ஸ்டோர்ஸ், பக்கம் 42 என்பது போல. டாஸ் காலத்து டிஸ்க்கிலும் அப்படி ஓர் அட்டவணை உண்டு. ஒரு ஃபைலை அழி என்று நீங்கள் கட்டளையிட்டால் கணினி 42ஆம் பக்கத்துக்குப் போவதே இல்லை. அட்டவணையில் அந்த ஃபைல் பெயரின் முதல் எழுத்தை மட்டும் அடித்துவிட்டு, அங்கே ஒரு குறியைப் போடும். 'இந்தப் பக்கங்கள் காலி, யார் வேண்டுமானாலும் எழுதலாம்' என்று இன்னொரு பட்டியலில் குறித்துக்கொள்ளும். அவ்வளவுதான். 42ஆம் பக்கத்தில் உள்ள கணக்கு அப்படியே இருக்கும்.

ஏன் இந்தச் சோம்பேறித்தனம்? வேகத்துக்காக. பக்கம் பக்கமாக அழிப்பதைவிட அட்டவணையில் ஓர் எழுத்தை மாற்றுவது எவ்வளவோ சீக்கிரம். நார்ட்டன் செய்தது அந்தச் சோம்பேறித்தனத்தைப் பயன்படுத்திக்கொண்டதுதான். ஃபைலை மீட்கும்போது பயனரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கப்படும்: பெயரின் முதல் எழுத்து என்ன? ஏனென்றால் உண்மையில் காணாமல் போனது அது ஒன்றுதான்!

ஆனால் இரண்டு நிபந்தனைகள். ஒன்று, அந்த இடத்தில் வேறு எதுவும் எழுதப்பட்டிருக்கக் கூடாது. இரண்டு, ஃபைலின் துண்டுகள் அடுத்தடுத்த இடங்களில் இருக்க வேண்டும். எந்தத் துண்டுக்குப் பின் எந்தத் துண்டு என்ற சங்கிலி அழிந்துவிடுவதால், அங்கங்கே சிதறிக் கிடந்தால் கோர்ப்பது கஷ்டம். ஃபைல் அழிந்தால் உடனே கணினியைப் பயன்படுத்துவதை நிறுத்து என்று இன்றும் சொல்வதற்குக் காரணம் அந்த முதல் நிபந்தனை.

1990ல் நார்ட்டன் தன் கம்பெனியை சைமன்டெக்கிடம் விற்றார். 1991ல் வந்த எம்.எஸ்.-டாஸ் 5ல் அழிந்ததை மீட்கும் கட்டளை உள்ளேயே வந்துவிட்டது. 1995ல் விண்டோஸுக்கு 'ரீசைக்கிள் பின்' வந்தது. ஆப்பிள் கணினிகளில் குப்பைத்தொட்டி 1980களிலேயே உண்டு. மனிதன் தப்பு செய்வான் என்பதை கணினிகள் ஒருவழியாக ஒப்புக்கொண்டன.

பிறகு அட்டவணையே முழுதாகப் போனாலும் மீட்கும் வழி வந்தது. ஒவ்வொரு வகை ஃபைலும் தன் ஆரம்பத்தில் ஓர் அடையாளத்தை வைத்திருக்கும். பிடிஎஃப் ஃபைலின் தொடக்கத்தில் அதன் பெயரே எழுதியிருக்கும். ஜேபெக் போட்டோவுக்கும் தனி முத்திரை உண்டு. டிஸ்க்கை முதலிலிருந்து கடைசி வரை படித்து, இந்த முத்திரைகளைத் தேடி ஃபைல்களைப் பிய்த்தெடுப்பதற்கு 'கார்விங்' என்று பெயர். கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதி இலவசமாகத் தரும் ஃபோட்டோரெக் இந்த வகை. பெயர் போய்விடும், போல்டர் போய்விடும், ஆனால் கல்யாண போட்டோ வரும்!

தட்டைத் திறக்கும் அறை

அட்டவணை போனால் சாஃப்ட்வேர் போதும். ஹெட்டே உடைந்தால்? 'டக், டக்' என்று சத்தம் போட்டு டிஸ்க் நின்றுவிட்டால் எந்த சாஃப்ட்வேரும் உதவாது. டிஸ்க்கைத் திறக்க வேண்டும். தூசி மலை என்று பார்த்தோமே, அதனால் வீட்டில் ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் திறந்தால் கதை முடிந்தது.

1985ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்ட்ராக், கலிஃபோர்னியாவில் டிரைவ்சேவர்ஸ் என்று இரண்டு கம்பெனிகள் தொடங்கின. காற்றிலிருந்து தூசியை வடிகட்டிய சுத்த அறைகள் இந்தத் தொழிலின் அடையாளம். 'கிளாஸ் 100' என்று சொல்லப்படும் அறையில், ஒரு கன அடி காற்றில் அரை மைக்ரான் அல்லது அதற்கு மேற்பட்ட அளவுள்ள துகள்கள் 100க்கு மேல் இருக்கக் கூடாது. அங்கே டிஸ்க்கைத் திறந்து, அதே மாடல் டிஸ்க் ஒன்றிலிருந்து ஹெட்டைக் கழற்றி இதில் பொருத்தி, ஒரே ஒரு முறையாவது ஓட வைத்து முழு நகல் எடுப்பார்கள். உறுப்பு மாற்று அறுவை சிகிச்சைதான்.

நகல் எடுப்பதிலும் ஒரு தந்திரம் உண்டு. 2004ல் அன்டோனியோ தியாஸ் எழுதிய குனு டிடிரெஸ்க்யூ என்ற இலவசப் புரோகிராம், நன்றாக இருக்கும் இடங்களை முதலில் படித்துவிடும். பழுதான இடம் வந்தால் தாண்டிப் போய்விட்டு, கடைசியில் திரும்ப வந்து முட்டி மோதும். சாகப்போகிற டிஸ்க்கில் ஒவ்வொரு நிமிடமும் செலவுதானே. சுலபமாக வருவதை முதலில் வசூல் செய், வராக்கடனைப் பிறகு பார். வசூலுக்குப் போகிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான் :)

வானத்திலிருந்து விழுந்த டிஸ்க்

மீட்புக் கதைகளிலேயே என்னை அசத்தியது இதுதான்.

2003 பிப்ரவரி 1. கொலம்பியா விண்கலம் பூமிக்குத் திரும்பும்போது வானிலேயே உடைந்து சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட 7 பேரும் இறந்தார்கள். அந்தக் கலத்தில் செனான் வாயுவைப் பற்றிய ஓர் அறிவியல் சோதனை நடந்துகொண்டிருந்தது. அதன் முடிவுகளில் ஒரு பகுதிதான் பயணத்தின்போதே பூமிக்கு அனுப்பப்பட்டிருந்தது. மீதி, சுமார் 400 மெகாபைட் கொள்ளளவுள்ள ஒரு ஹார்ட் டிஸ்க்கில்.

சில மாதங்கள் கழித்து டெக்சாஸில் வறண்டுபோன ஏரிப் படுகையில் அந்த டிஸ்க் கிடைத்தது. டிஸ்க் என்று சொல்லவே முடியாது. கருகிய உலோகக் கட்டி. சிப்புகள் எரிந்துபோயிருந்தன. பிளாஸ்டிக் உருகியிருந்தது. தூசி உள்ளே போகாமல் காக்கும் சீலும் போய்விட்டதால் தட்டுகளில் கீறல். அதை ஆன்ட்ராக்கில் இருந்த பொறியாளர் ஜான் எட்வர்ட்ஸிடம் கொடுத்தார்கள். அவர் தட்டுகளைக் கழற்றி, ரசாயனத்தால் சுத்தம் செய்து, வேறொரு டிரைவில் பொருத்திப் படித்தார். 99 சதவீதம் வந்துவிட்டது!

எப்படி? இரண்டு காரணங்கள். சுற்றும் தட்டுகள் கீறப்பட்டாலும், எழுதப்பட்ட இடம் தப்பித்தது. அந்தக் கணினி ஓடியது டாஸில். டாஸ் டேட்டாவை அங்கங்கே தெளிக்காமல் ஓர் ஓரத்திலிருந்து வரிசையாக எழுதிக்கொண்டு போகும். டிஸ்க்கும் பாதியளவே நிரம்பியிருந்தது. சேதம் பெரும்பாலும் காலி இடத்தில் விழுந்தது. நார்ட்டனுக்கு உதவிய அதே பழைய, எளிய டாஸ்!

செனான் ஒரு குறிப்பிட்ட நிலையில், கலக்கினால் இளகும் க்ரீமைப் போல நடந்துகொள்கிறது என்ற அந்த ஆய்வு முடிவு 2008 ஏப்ரலில் பிசிக்கல் ரிவ்யூ இதழில் வெளியானது. ஏழு பேர் கடைசியாகச் செய்த வேலைகளில் ஒன்று, ஐந்து வருடம் கழித்து உலகத்தின் கைக்கு வந்தது.

ஆனால் இன்னொரு தகவலையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கொலம்பியாவிலிருந்து விழுந்த வேறு இரண்டு டிஸ்க்குகளையும் எட்வர்ட்ஸ் முயன்று பார்த்தார். ஒன்றும் வரவில்லை. அதே விபத்து, அதே வெப்பம், அதே நிபுணர். நாம் அந்த ஒன்றைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறோம்.

டிஸ்க் நன்றாக இருந்தும் போன படம்

கொலம்பியாவில் டிஸ்க் சிதைந்தது, டேட்டா பிழைத்தது. நேர் எதிரான கதை ஒன்று இருக்கிறது. 1998ல் பிக்சார் நிறுவனம் டாய் ஸ்டோரி 2 படத்தை எடுத்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் யாரோ ஃபைல்களை அழிக்கும் யூனிக்ஸ் கட்டளையைத் தவறான இடத்தில் ஓட்டிவிட்டார்கள். கண்ணெதிரே பாத்திரங்கள் ஒவ்வொன்றாக மறையத் தொடங்கின. அறையில் இருந்த ஓரன் ஜேக்கப், மெஷினின் பிளக்கைப் பிடுங்கச் சொல்லி போனில் கத்தியதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் படத்தின் 90 சதவீதம் போய்விட்டதாம்.

பரவாயில்லை, டேப் பேக்கப் இருக்கிறதே என்று எடுத்துப் பார்த்தால், அது சில வாரங்களாக ஒழுங்காக வேலை செய்யவே இல்லை. யாரும் அதைத் திரும்ப ஏற்றிப் பார்த்ததில்லை.

படத்தைக் காப்பாற்றியது கேலின் சூஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கணினி. குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஒரு நகல் வைத்திருந்தார். அந்தக் கணினியைப் போர்வையில் சுற்றி, காரில் பத்திரமாக வைத்து ஆபீசுக்குக் கொண்டுவந்தார்கள். படம் 1999ல் வெளியானது.

ஃபைல்களை மீட்டது எந்த சுத்த அறையும் அல்ல. வேறொரு கட்டடத்தில், வேறு ஒரு காரணத்துக்காக இருந்த இரண்டாவது நகல். அது பிக்சாரின் திட்டத்திலேயே இல்லை என்பதுதான் பயமுறுத்துகிறது.

சாஃப்ட்வேர் போனால்?

ஃபைல் போவது ஒரு கஷ்டம். சாஃப்ட்வேர் போவது வேறு மாதிரிக் கஷ்டம். சாஃப்ட்வேர் கடையில் கிடைக்கும், மறுபடி போட்டுக்கொள்ளலாம் என்று தோன்றும். 1983ல் வந்த லோட்டஸ் 1-2-3 நினைவிருக்கிறதா? எக்செலுக்கு முன்பு கணக்கர்களின் செல்லப்பிள்ளை. அதன் ஆரம்பப் பதிப்புகளில், புரோகிராமை ஹார்ட் டிஸ்க்கில் போட்டிருந்தாலும் கம்பெனி கொடுத்த மூல ஃபிளாப்பியைச் சொருகினால்தான் திறக்கும். திருட்டுப் பிரதியைத் தடுக்கத்தான். ஆனால் ஃபிளாப்பி பழுதானால் காசு கொடுத்து வாங்கியவருக்கும் அம்போ. பின்னாளில் ஃபிளாப்பிக்குப் பதில் சீரியல் எண், லைசென்ஸ் கீ என்று வந்தன. சி.டி. பத்திரமாக இருக்கும், அதன் கவரைத் தூக்கிப் போட்டிருப்பார்கள். கீ அந்தக் கவரில்!

பிசினஸ் லா படிப்பவர்கள் கவனிக்க: இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957ன் 52ஆம் பிரிவு, முறையாக வைத்திருக்கும் கணினிப் புரோகிராமுக்கு, இழப்பு, அழிவு, சேதம் ஆகியவற்றிலிருந்து தற்காலிகப் பாதுகாப்பாக பேக்கப் நகல் எடுப்பதை அனுமதிக்கிறது. டிஸ்க் ஒரு நாள் சாகும் என்பது சட்டத்துக்கே தெரிந்திருக்கிறது.

நாணயத்தின் மறுபக்கம்

அழித்தது அழியாது என்றால், அது நமக்கு மட்டுமா வசதி? எம்.ஐ.டி.யில் மாணவர்களாக இருந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலத் இருவரும் 2000 முதல் 2002 வரை 158 பழைய ஹார்ட் டிஸ்க்குகளை விலைக்கு வாங்கிப் பார்த்தார்கள். ஓடிய நிலையில் இருந்தவை 129. அவற்றில் ஒழுங்காக அழிக்கப்பட்டிருந்தவை வெறும் 12. மற்றவற்றில் கிரெடிட் கார்டு எண்கள் மட்டும் 5,000க்கு மேல் கிடைத்தன. ஏ.டி.எம். மெஷினில் இருந்த டிஸ்க் ஒன்றும் அதில் இருந்தது! நார்ட்டனைக் காப்பாற்றிய அதே சோம்பேறி அட்டவணை, இங்கே முன்பின் தெரியாத ஆட்களின் கணக்கைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. பழைய கணினியை விற்கும் முன் யோசியுங்கள்.

கதவு மூடிக்கொண்டு வருகிறது

அழித்த ஃபைலை மீட்கும் வழிகள் எல்லாம் ஒரே ஒரு தற்செயலை நம்பி நின்றவை. அழி என்றால் கணினி உண்மையில் அழிப்பதில்லை என்ற தற்செயல். யாரும் நமக்காக யோசித்து வைத்த பாதுகாப்பு அல்ல அது. வேகத்துக்காகச் செய்த குறுக்குவழியின் மிச்சம்.

அந்த மிச்சம் இப்போது தேய்ந்து வருகிறது. எஸ்.எஸ்.டி. என்ற சிப் வகை டிஸ்க்குகளில் பழையதைத் துடைத்த பிறகுதான் புதியதை எழுத முடியும். அதனால், எந்தெந்த இடம் இனி வேண்டாம் என்று முன்கூட்டியே டிஸ்க்கிடம் சொல்லிவிடும் 'ட்ரிம்' என்ற கட்டளையைக் கொண்டுவந்தார்கள். 2009ல் வந்த விண்டோஸ் 7ல் இது இருந்தது. நீங்கள் ஃபைலை அழித்தால், டிஸ்க் தன் ஓய்வு நேரத்தில் அந்த இடத்தை நிஜமாகவே துடைத்துவிடும். நார்ட்டன் கேட்ட முதல் எழுத்துக் கேள்விக்கு இங்கே வேலையே இல்லை. அதோடு, இன்று பல போன்களும் லேப்டாப்புகளும் டேட்டாவைப் பூட்டி, சங்கேதமாக்கியே எழுதுகின்றன. சாவி போனால், சிப்பைக் கழற்றிப் படித்தாலும் கிடைப்பது அர்த்தமில்லாத எண்கள்தான். கார்ஃபிங்கல் கண்டுபிடித்த ஆபத்துக்கு இது நல்ல மருந்து. அழிந்ததைத் தேடுபவருக்கு அதே மருந்து விஷம்.

சரி, பழுதாகும் முன் டிஸ்க்கே எச்சரிக்குமா? 1990களில் வந்த 'ஸ்மார்ட்' என்ற வசதி அதற்குத்தான். 2007ல் கூகுள் பொறியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஹார்ட் டிஸ்க்குகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பழுதான டிஸ்க்குகளில் 36 சதவீதத்துக்கும் மேல், வெப்பநிலையைத் தவிர்த்துப் பார்த்தால், எந்த ஸ்மார்ட் அறிகுறியும் காட்டாமலேயே செத்திருந்தன. மூன்றில் ஒன்று சொல்லாமல் கொள்ளாமல் போகிறது.

நமக்கு என்ன?

இப்போது மறுபடி நம்ம சப்ஜெக்ட். கம்பெனிகள் சட்டம், 2013ன் 128ஆம் பிரிவுப்படி கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகள் பாதுகாக்க வேண்டும். மின்னணு வடிவில் வைத்திருந்தால், அதன் பேக்கப்பை இந்தியாவில் உள்ள சர்வரில் 'குறிப்பிட்ட கால இடைவெளியில்' வைக்க வேண்டும் என்று 2014ஆம் ஆண்டு விதிகள் சொல்லின. 2022ல் அதைத் திருத்தி 'தினசரி' என்று ஆக்கினார்கள். ஒரே ஒரு வார்த்தை மாற்றம். இந்தக் கட்டுரையைப் படித்த பிறகு அந்த வார்த்தை ஏன் மாறியது என்று புரியும்.

இந்த விதி கம்பெனிகளுக்குத்தான். நம் ஊர்க் கடைக்காரரின் கணினிக்கும், நம் வீட்டில் இருக்கும் லேப்டாப்புக்கும் இது பொருந்தாது. அந்தக் கடையில் யார் எவ்வளவு பாக்கி என்பது அந்த ஒரு டிஸ்க்குக்கு மட்டுமே தெரியும். அது போனால், கொடுக்க வேண்டியவர் கொடுத்துவிட்டேன் என்பார், வாங்க வேண்டியவரிடம் ஆதாரம் இருக்காது. வீட்டு லேப்டாப்பில் தாத்தாவின் கடைசி போட்டோ இருக்கும். சாஃப்ட்வேரைத் திரும்ப வாங்கலாம். இவற்றை எந்தக் கடையில் வாங்குவது?

வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொண்டவை இவை:

1. டிஸ்க் பிரச்சினை செய்தால் அதில் மேற்கொண்டு எதையும் எழுதாதீர்கள். மீட்கும் சாஃப்ட்வேரையும் அதே டிஸ்க்கில் போடாதீர்கள்.
2. 'டக் டக்' சத்தம் வந்தால் அணைத்துவிடுங்கள். திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்த்தால் கீறல்தான் அதிகமாகும்.
3. முதலில் முழு டிஸ்க்கையும் நகல் எடுத்து, மீட்பு வேலையை நகலில் செய்யுங்கள்.
4. நகல் வேறு கட்டடத்தில் இருக்கட்டும். ஒரே பையில் லேப்டாப்பும் பேக்கப் டிஸ்க்கும் இருந்தால் திருடனுக்கு வேலை மிச்சம்.
5. வருடத்துக்கு ஒருமுறையாவது பேக்கப்பிலிருந்து ஒரு ஃபைலைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். பிக்சாரிடமும் பேக்கப் இருந்தது!
6. சாஃப்ட்வேரின் லைசென்ஸ் கீயை ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள்.

முதலாமாண்டில் நாம் படித்த 'ப்ரூடன்ஸ்' கொள்கை ஞாபகம் இருக்கிறதா? வரும் லாபத்தைக் கையில் வரும்வரை கணக்கில் எடுக்காதே, வரக்கூடிய நஷ்டத்துக்கு இப்போதே ஒதுக்கு. டேட்டா மீட்பு என்பது வரலாம் வராமலும் போகலாம் என்ற லாபம். டிஸ்க் சாவது என்பது தேதி மட்டும் தெரியாத நிச்சயமான நஷ்டம். ராமாக்கைக் கணக்கு எழுதத்தான் செய்தார்கள். அந்தக் கணக்கின் முதல் பாடத்தை டிஸ்க்குக்கே பொருத்திப் பார்க்க நாம்தான் மறந்துவிடுகிறோம்.

இன்று ராத்திரி தூங்கும் முன் ஒரு பத்து நிமிடம் ஒதுக்கி, போனால் திரும்பக் கிடைக்காது என்று நீங்கள் நினைக்கும் ஒரே ஒரு போல்டரையாவது வேறோர் இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். எடுத்துவிட்டு வந்து சொல்லுங்கள், சந்தோஷப்படுவேன். உங்களுக்குத் தெரிந்த மீட்புக் கதைகளையும் எழுதுங்கள்.

மீண்டும் சந்திப்போம்!